புதிய இரட்டைக்குழல் துப்பாக்கியின் இடக்குழல் விலகிச் சுடுகிறது: குறை எங்கே, சரிசெய்ய வேண்டியவர் யார்?

பகாவ் சிறுதோட்டக்காரர்

வணக்கம். மலேசியாவின் பகாவுக்கு வெளியே எங்கள் குடும்பத்துக்கு உள்ள சிறுதோட்டத்தில் அண்மையில் மறுநடவு முடிந்தது. இளம் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் அடியோடு தோண்டிக் குருத்தைத் தின்றுவிடுவதால், முறைப்படி உரிமம் பெற்று ஒரு புதிய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினேன். குழல்கள் இரண்டும் அருகருகே அமைந்த பழைய பாணித் துப்பாக்கி அது. முன்விசை வலக்குழலை இயக்கும். பின்விசை இடக்குழலை இயக்கும். வலக்குழலின் சோக் (ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தும் முனை ஒடுக்கம்) சற்றுத் தளர்வானது, இடக்குழலின் சோக் இறுக்கமானது.

தோட்டத்தில் பயன்படுத்துவதற்கு முன் அனுமதி பெற்ற சுடுதளம் ஒன்றில் தாள் கட்டிச் சுட்டுப் பார்த்தேன். 35 மீட்டர் தொலைவில் வலக்குழலின் ரவைகள் நான் குறிவைத்த புள்ளியைச் சுற்றியே விழுகின்றன. இடக்குழலின் ரவைகளோ அதே புள்ளிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் இடப்புறமாகத் திரண்டு விழுகின்றன. குழல்களின் வரிசையை மாற்றிச் சுட்டேன், வேறு வகைத் தோட்டாக்களைப் போட்டும் சுட்டேன். விலகும் திசையும் அளவும் மாறவில்லை.

வாங்கிய கடையில் சொன்னபோது மூன்று பதில்கள் கிடைத்தன. துப்பாக்கியில் சோதனை முத்திரை இருக்கிறது, ஆகவே தொழிற்சாலையிலேயே சரிபார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்பது முதலாவது. பின்விசையை இழுக்கும்போது என் கை திரும்புகிறது என்பது இரண்டாவது. சிதறிப் போகும் ரவைக்கு இவ்வளவு துல்லியம் தேவையில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உடன்பாடில்லை என்று சொல்வதும் நிரூபிப்பதும் ஒன்றல்ல என்பதால்தான் இங்கே கேட்கிறேன். குறை துப்பாக்கியில்தான் என்பதை மறுக்க முடியாதபடி காட்டுவது எப்படி? காட்டிய பிறகு என்ன கேட்பது நியாயம்?

ரொம்பின் பெரியவர்

தம்பி, தோட்டக் காவலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முழுக்க நேராகச் சுடும் இரட்டைக்குழலை நான் அதிகம் கண்டதில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு குணம் உண்டு. அதைப் பழகிக்கொண்டவன் கையில் அது நன்றாகவே வேலை செய்யும். இடக்குழல் இடப்புறம் போகிறது என்று தெரிந்துவிட்டால், சற்று வலப்புறம் வைத்துச் சுட்டால் போதும். அதுவும் கைக்கு வராவிட்டால் வலக்குழலை மட்டும் பயன்படுத்துங்கள்.

கடைக்காரரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் இரண்டாவது யோசனை. நம் பக்கத்தில் துப்பாக்கிக் கடைகள் தெருவுக்குத் தெரு இல்லை. தோட்டா வாங்கவும் பழுது பார்க்கவும் அவரிடமேதான் நீங்கள் திரும்பிப் போக வேண்டும்.

சுடுதள உறுப்பினர்

பெரியவர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் விலக்கி வைத்துச் சுடும் யோசனை இங்கே பொருந்தாது. விலகல் தொலைவோடு சேர்ந்து வளரக்கூடியது. 35 மீட்டரில் 40 சென்டிமீட்டர் விலகும் குழல் 25 மீட்டரில் ஏறக்குறைய 29 சென்டிமீட்டரும் 15 மீட்டரில் 17 சென்டிமீட்டரும் விலகும். ஓடுகிற பன்றியின் வேகத்துக்கு முன்தள்ளிக் குறிவைக்கும் அதே நொடியில், தொலைவைக் கணித்து இந்த விலகலையும் கழிப்பது எவராலும் இயலாது. பன்றி இடமிருந்து வலம் ஓடினால் ஒரு கணக்கு, வலமிருந்து இடம் ஓடினால் வேறொரு கணக்கு என்று ஆகிவிடும்.

வலக்குழலை மட்டும் பயன்படுத்துவது என்பது இரட்டைக்குழலுக்கு விலை கொடுத்து ஒற்றைக்குழலை வைத்துக்கொள்வதாகும். அதைவிட முக்கியமானது, முதல் குண்டு படாமல் அல்லது பாதி பட்டு விலங்கு விலகி ஓடும்போது கை தானாகவே பின்விசைக்குப் போகும் என்பது. இடக்குழலுக்கு இறுக்கமான சோக் கொடுப்பதே அந்த இரண்டாவது, தூரத்துச் சூட்டுக்காகத்தான்.

சோதனை முத்திரையைப் பற்றிக் கடையில் சொன்னதைத் தெளிவாக மறுக்கலாம். பர்மிங்ஹாம், லியேஜ், ஐபார், கார்தோனே போன்ற ஊர்களில் உள்ள சோதனைச் சாலைகள் வழக்கத்தைவிடக் கூடுதலான அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழலும் பூட்டும் அதைத் தாங்குகின்றனவா என்று பார்த்து முத்திரை இடுகின்றன. அந்த முத்திரை வலிமைக்குச் சான்று. குழல் எங்கே சுடுகிறது என்பதை அது சொல்வதே இல்லை.

தோட்டத்து மகள்

சிதறும் ரவைக்குத் துல்லியம் தேவையில்லை என்று கடையில் சொன்னதாக எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் அம்மா உதிரிப்பழம் பொறுக்குகிறார். அரைகுறையாகக் காயம்பட்ட பன்றி செத்துக் கிடக்கும் இடம் தெரியாமல் போனால், மறுநாள் காலையில் செம்பனை வரிசைகளுக்கு இடையே முதலில் நடந்து போகிறவர்கள் குலை வெட்டுபவர்களும் பழம் பொறுக்குபவர்களும்தான். உயிரோடு பதுங்கியிருக்கும் காயம்பட்ட ஆண் பன்றி ஆளைக் கண்டால் ஓடாது, பாயும். அந்த விலங்கு இரவெல்லாம் வேதனைப்படுவதும் சிறிய விஷயமல்ல. குழல் எங்கே சுடுகிறது என்பது துப்பாக்கி வைத்திருப்பவரின் சொந்தக் கவலை மட்டுமல்ல என்பதைக் கடைக்காரருக்கு எழுதும்போது தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள், அண்ணா.

பகாவ் சிறுதோட்டக்காரர்

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, தங்கச்சி. பன்றிக்குப் பயன்படுத்தும் எஸ்ஜி எனப்படும் பெரிய ரவைத் தோட்டாவில் பெரும்பாலும் 9 ரவைகளே இருக்கின்றன. அவை 35 மீட்டரில் விரிந்து விழும் வட்டத்தின் நடுப்பகுதியே 40 சென்டிமீட்டர் விலகிவிட்டால், விலங்கின் மேல் படுவது ஓரத்து ரவை ஒன்றோ இரண்டோதான். அதுவும் உயிர்நிலையில் படாது. கடிதத்தில் கட்டாயம் எழுதுவேன்.

கடைசல் பட்டறை, கோலப்பிலா

நான் கடைசல் வேலை செய்பவன். துப்பாக்கியில் கை வைக்கும் உரிமம் எனக்கு இல்லை, வைக்கவும் மாட்டேன். ஆனால் அளவெடுத்துக் காரணத்தைப் பிரித்தறிவது எங்கள் தொழில் என்பதால், அந்த வழியில் யோசித்ததை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு துப்பாக்கி குறி விலகிச் சுடுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். முனையில் உள்ள குறிமணி தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கலாம். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டை கோணலாக இருக்கலாம். தோள்கட்டை சுடுபவரின் உடலுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். குழலே வளைந்திருக்கலாம். சோக் பகுதி குழலின் அச்சுக்குச் சாய்வாகக் கடையப்பட்டிருக்கலாம். இரண்டு குழல்களையும் சேர்த்துப் பற்றவைத்த கோணம் தவறாக இருக்கலாம். சுடுபவரின் கையும் ஒரு காரணமாகலாம்.

உங்களிடம் இருப்பது இரட்டைக்குழல் என்பது இந்த ஆராய்ச்சிக்குப் பெரும் உதவி. குறிமணி ஒன்று, பட்டை ஒன்று, தோள்கட்டை ஒன்று; இவை மூன்றும் இரண்டு குழல்களுக்கும் பொதுவானவை. இவற்றில் குறை இருந்தால் இரண்டு குழல்களும் ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே அளவு விலகியிருக்க வேண்டும். வலக்குழல் நடுவில் சுடுகிறது என்ற ஒரே உண்மையால் இந்த மூன்று காரணங்களும் விழுந்துவிடுகின்றன. கணக்கும் அதையே சொல்கிறது. 710 மில்லிமீட்டர் நீளமுள்ள குழலில் குறிமணியால் மட்டும் 35 மீட்டரில் 40 சென்டிமீட்டர் விலகல் வர வேண்டுமானால், மணி 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு தள்ளியிருந்தால் கடையில் கையில் எடுத்த உடனேயே கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே மீதமிருப்பவை இடக்குழலின் வளைவு, சோக்கின் சாய்வு, பற்றவைத்த கோணம், சுடுபவரின் கை ஆகிய நான்கு.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அருகருகே குழல் கொண்ட துப்பாக்கிகளில் இரண்டு குழல்களும் இணையாக இருப்பதில்லை. முனையை நோக்கிச் சற்று நெருங்கி வரும்படி பற்றவைக்கிறார்கள். வலக்குழல் வெடிக்கும்போது துப்பாக்கி வலப்புறமாகவும், இடக்குழல் வெடிக்கும்போது இடப்புறமாகவும் உதைத்துத் திரும்புகிறது. ரவை குழலை விட்டு வெளியேறுவதற்குள் நிகழும் அந்தச் சிறு திருப்பத்தை ஈடுசெய்யவே இந்த நெருக்கம். நெருக்கம் போதாமல் இருந்தால் வலக்குழல் வலப்புறமும் இடக்குழல் இடப்புறமும் சுடும். அதிகமாக இருந்தால் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் சுடும். உங்கள் துப்பாக்கியில் ஒரு பக்கம் மட்டுமே தவறியிருப்பதால், பொதுவான நெருக்கக் குறையைவிட இடக்குழலுக்கே உரிய குறை என்ற எண்ணம்தான் எனக்கு வலுக்கிறது.

அதிலும் சோக்கைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். சோக் பகுதி 40 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீளத்துக்குள் அதன் அச்சு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சாய்ந்தாலே, கோணக் கணக்கின்படி 35 மீட்டரில் 40 சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. கடைசல் இயந்திரத்தில் குழலைப் பிடித்த தாடை சற்றே மையம் தவறியிருந்தால் இப்படி ஆகும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

துப்பாக்கியில் ஒரு கீறலும் விழாமல் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சோக்கின் வாய்க்குள் இறுக்கமில்லாமல், ஆனால் ஆட்டமும் இல்லாமல் நுழையும்படி இரண்டு நைலான் தண்டுகளை ஒவ்வொரு குழலின் அளவுக்கும் தனித்தனியே கடைந்து தருகிறேன். துப்பாக்கி உங்கள் கையிலேயே இருக்கட்டும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழல்களைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் தண்டுகளைச் செருகுங்கள். ஒவ்வொன்றும் முனைக்கு வெளியே 300 மில்லிமீட்டர் நீண்டிருக்கட்டும். குழல் வாயருகே இரு தண்டுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும், தண்டுகளின் வெளிமுனையில் உள்ள இடைவெளியையும் வெர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள். இடக்குழலின் சோக் நீங்கள் சொல்லும் அளவுக்குச் சாய்ந்திருந்தால் அந்தத் தண்டு 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளிப்பக்கம் போயிருக்கும். கையால் பிடித்து அளக்கும் பிழையைவிட அது பெரியது.

குழலின் வளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். கழற்றிய குழலின் வழியே சன்னல் சட்டத்தை நோக்கினால், உட்சுவரில் விழும் நிழற்கோடு நேராக ஓட வேண்டும். எங்காவது ஒடிந்தோ நெளிந்தோ தெரிந்தால் அங்கே வளைவு இருக்கிறது. குழல்களை நேராக்கும் கைவினைஞர்கள் இந்த முறையைத்தான் நெடுங்காலமாகக் கையாண்டார்கள்.

சுடுதள உறுப்பினர்

கடைசல் அண்ணன் எழுதியதற்குப் பிறகு, கை என்னும் காரணத்துக்கு மட்டுமே சோதனை மீதமிருக்கிறது. கடைக்காரர் சொல்வது வெறும் சாக்கு அல்ல. பின்விசைக்குப் போகும்போது பிடி சற்று நகர்கிறது; சில துப்பாக்கிகளில் பின்விசை கனமாகவும் இருக்கும். அதை விலக்கிக் காட்டாமல் விட்டால் விவாதம் அங்கேயே நின்றுவிடும்.

சுடுதளத்தில் பொறுப்பாளரின் அனுமதியோடு, பயிற்றுநர் ஒருவர் உங்கள் கண் முன்னே சுடட்டும். அவர் இடக்கைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. வலக்கைக்காரரின் கைப்பிழை ஒரு பக்கம் இழுத்தால், இடக்கைக்காரரின் கைப்பிழை பெரும்பாலும் மறுபக்கம் இழுக்கும். இருவர் கையிலும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகுகிற குழலுக்குக் கையைக் குறைசொல்ல முடியாது. மணல் மூட்டையின் மேல் தாங்கியும் சுடலாம். ஆனால் குழலை நேரடியாக மூட்டையின் மேல் வைக்கக் கூடாது. முன்கையை மூட்டையில் ஊன்றி, துப்பாக்கியைக் கையில்தான் தாங்க வேண்டும். குழல் கெட்டியான பொருளின் மேல் படிந்திருந்தால் அது உதைக்கும் விதமே மாறி, அளவீடு பொய்யாகிவிடும்.

தாள் குறைந்தது 120 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கட்டும். மையத்தைக் கண்டறிய எஸ்ஜி வேண்டாம். 9 புள்ளிகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. 200க்கும் மேற்பட்ட ரவைகள் உள்ள 6ஆம் எண் தோட்டாவைச் சுட்டு, இடப்புறமும் வலப்புறமும் ரவைத் துளைகள் சம எண்ணிக்கையில் பிரியும்படி ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். மேலும் கீழும் சமமாகப் பிரியும்படி ஒரு கிடைக்கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் இடமே சிதறலின் மையம். கண்மதிப்பை எவரும் மறுக்கலாம், எண்ணி வந்த மையத்தை மறுப்பது கடினம். ஒவ்வொரு தாளிலும் குழல், தொலைவு, தோட்டா, சுட்டவர், நாள் ஆகியவற்றை எழுதிப் பொறுப்பாளரின் கையொப்பம் வாங்குங்கள். தோட்டத்தில் சுட்டு வந்த தாளைக் கொண்டுபோகாதீர்கள். உரிமத்தில் எழுதப்பட்ட நோக்கத்துக்குப் புறம்பாக அங்கே சுட்டீர்கள் என்ற கேள்வி எழுந்தால், குறை இருப்பது துப்பாக்கியில் என்றாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

ரொம்பின் பெரியவர்

அளந்து பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாய்வு என்று தெரிந்துவிட்டால் அதைச் சீராக்க ஏன் வழி தேட மாட்டேன் என்கிறீர்கள்? பழைய நாளில் வளைந்த குழலை மரக் கவட்டையில் வைத்து நிமிர்த்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒற்றைக்குழல் துப்பாக்கிகள் அப்படி நிமிர்ந்து பல ஆண்டுகள் உழைத்தன.

கடைசல் பட்டறை, கோலப்பிலா

ஐயா, ஒற்றைக்குழலில் அது நடந்திருக்கலாம். தொழிற்சாலைகளிலும் குழலை அழுத்தி நிமிர்த்துவது உண்டு. இங்கே இரண்டு குழல்கள் நீளம் முழுவதும் பட்டையோடு ஈயப்பற்றால் இணைந்திருக்கின்றன. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும். வளைக்கும் விசையில் அது விரிசல் கண்டால் பட்டை பிரியும், இடுக்கில் ஈரம் புகும், உள்ளே துரு பிடிக்கும். நம் பகுதியின் ஈரப்பதத்தில் அந்தத் துருவை வெளியே தெரியும் வரை எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சோக்தான் சாய்வு என்றால் குழலை வளைப்பதால் பயனும் இல்லை. ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழையைச் சேர்த்ததாகவே முடியும்.

இணைந்த குழல்களைச் சீர்செய்யும் கைவினை உலகில் இல்லாமல் இல்லை. முனையில் குழல்களுக்கு நடுவே உள்ள ஆப்பை, பற்றை இளக்கி நகர்த்தி, சுட்டுப் பார்த்து, மறுபடி நகர்த்துவார்கள். இரட்டைக்குழல் ரைபிள்களை ஒரே இடத்தில் சுட வைப்பது அப்படித்தான். அது அந்தத் தொழிலிலேயே ஊறியவர்களின் வேலை. கேஸ் விளக்கு இருக்கிறது என்பதற்காக எந்தப் பட்டறையும் அதைத் தொடக் கூடாது. எவராவது தொடச் சம்மதித்தாலும் கொடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்

சட்டப் பக்கத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல. பல ஆண்டுகள் கோப்புகளைக் கையாண்டவனின் குறிப்பு.

முதலாவது, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமல்லாமல் விற்கவும் பழுதுபார்க்கவும் தனித்தனி உரிமம் வேண்டும். கடைசல் பட்டறைக்காரர் தொட மறுத்தது சரியான முடிவு. துப்பாக்கியைப் பட்டறையில் ஓரிரவு விட்டு வைப்பதுகூட உரிமம் இல்லாத ஒருவரிடம் ஆயுதத்தை ஒப்படைத்ததாகக் கொள்ளப்படலாம். பக்கத்து வீட்டுக்காரரின் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சமாளிப்பதும் அதே ஆபத்துதான்.

இரண்டாவது, மாற்றித் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டாலும், கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு வர முடியாது. உங்கள் உரிமம் ஒரு குறிப்பிட்ட தொடர் எண் கொண்ட துப்பாக்கிக்கு உரியது. பழையதை ஒப்படைப்பதும் புதியதைப் பெறுவதும் காவல் துறையின் உரிமப் பிரிவில் பதிவாக வேண்டும். ஆகவே கடைக்கு எழுதும் கடிதத்தின் நகலோடு மாவட்டக் காவல் தலைமையகத்துக்குப் போய் நடைமுறையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பணம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பை விற்றவர் வெளிநாட்டுத் தொழிற்சாலையின் மேல் தள்ளிவிட முடியாது. குறையைச் சரிசெய்யவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ அவர் கடமைப்பட்டவர்; குறை அடிப்படையானது என்றால் பொருளை ஏற்க மறுக்கும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு. ஆனால் அந்த உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். வாங்கிய பிறகு வேறு காரணத்தால் பொருள் சேதமடைந்திருந்தால் அந்த உரிமையை இழக்க நேரிடும். பெரியவர் சொன்னபடி குழலை நிமிர்த்தினாலோ, குறிமணியை அரத்தால் தேய்த்து நகர்த்தினாலோ, உங்கள் வழக்கு அந்த நிமிடமே பலவீனப்பட்டுவிடும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பொதுவாகத் தனிப்பட்ட அல்லது வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கும் வகைப் பொருள் என்றுதான் சட்டத்தின் விளக்கம் தொடங்குகிறது. பயிரைக் காக்க வாங்கிய துப்பாக்கி அந்த வகையில் அடங்குமா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். மறுவிற்பனைக்கோ உற்பத்தியில் செலவழிப்பதற்கோ நீங்கள் வாங்கவில்லை என்பது உங்கள் பதிலாக இருக்கலாம், ஆனால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அது பொருந்தாவிட்டால் 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம் இருக்கிறது. என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அறிவை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். வாங்குமுன் பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்று அவர் கேட்டால், பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குத்தான் அந்த வாதம் செல்லும் என்று சொல்லுங்கள். சுட்டுப் பார்க்காமல் தெரியவராத குறை இது. நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறைக்கு 5,000 வெள்ளி வரம்பு உண்டு என்பதையும் கவனியுங்கள்.

பகாவ் சிறுதோட்டக்காரர்

ஐயா, மிக்க நன்றி. விலை 5,000 வெள்ளிக்கு மேல் என்பதால் சிறு கோரிக்கை எனக்குப் பொருந்தாது. காட்டுப்பன்றிக்காகத்தான் வாங்குகிறேன் என்று கடையில் சொல்லியே வாங்கினேன். உரிம விண்ணப்பத்தில் எழுதிய நோக்கமும் அதுவே என்பதால் அதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது.

ரொம்பின் பெரியவர்

நிமிர்த்தும் பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் மன்றம், மனு என்று போவதற்கு முன் ஒருமுறை தாள்களோடு நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். வக்கீல் பாணியில் வரும் கடிதம் சிறிய ஊரில் கதவை அடைத்துவிடும் என்ற என் கருத்து மாறவில்லை.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்

நேரில் பேசுவது நல்லதுதான். பேசியதைக் கடிதமாக்கிக் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குவது பகையல்ல; நியாயமான காலத்துக்குள் சொன்னார் என்பதற்கு அதுவே சான்று. மரியாதையாக எழுதலாம், ஆனால் எழுதியே ஆக வேண்டும்.

பகாவ் சிறுதோட்டக்காரர்

நடந்ததைச் சொல்கிறேன். கடைசல் அண்ணன் தந்த தண்டுகளைச் செருகி அளந்ததில், வலக்குழலின் தண்டு குழலோடு ஒத்துப்போகிறது; இடக்குழலின் தண்டு வெளிமுனையில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வெளியே போகிறது. நிழற்கோட்டில் நெளிவு இல்லை. சுடுதளத்தில் இடக்கைப் பயிற்றுநர் சுட்டதும் என் தாளும் சிதறலின் மையத்தில் சில சென்டிமீட்டர் மட்டுமே வேறுபடுகின்றன, இரண்டும் இடப்புறமே.

தாள்களையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் நேரில் போனேன். தங்கச்சி சொன்ன பழம் பொறுக்குபவர்களின் பாதுகாப்பைத்தான் முதலில் பேசினேன். சோக்கின் சாய்வைத் தண்டு காட்டியதும் கையைக் குறைசொல்லும் பேச்சு நின்றது. தொழிற்சாலைக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கித் தருவதாக முதலில் சொன்னார். ஏற்றுமதி அனுமதி, திரும்ப இறக்குமதி அனுமதி என்று காலம் போகும் என்பதையும், பன்றிகள் மறுநடவுக் கன்றுகளைத் தோண்டுவது இப்போதுதான் என்பதையும் எடுத்துச் சொன்னேன். இறுதியில் அதே வகையில் வேறொன்றைத் தர எழுத்தில் ஒப்புக்கொண்டார். உரிமப் பிரிவில் நடைமுறை தொடங்கிவிட்டது. புதிய தொடர் எண் பதிவாகும் வரை பக்கத்து நிலத்தில் உரிமமும் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அனுமதியும் உள்ள ஒருவர் தம் துப்பாக்கியோடு எங்கள் எல்லையிலும் காவல் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். கன்றுகளைச் சுற்றி மின்வேலியும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. வரப்போகும் துப்பாக்கியும் அதே தொழிற்சாலையில், ஒருவேளை அதே இயந்திரத்தில் கடைந்ததாக இருக்கலாம். ஏற்றுக்கொள்வதற்கு முன் என்ன சோதிக்க வேண்டும்?

கடைசல் பட்டறை, கோலப்பிலா

அதே தண்டுகளைக் கடைக்குக் கொண்டுபோங்கள், ஆனால் சோக்கின் அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி நூலளவு மாறும் என்பதால் புதிதாகக் கடைய வேண்டி வரலாம். கடைக்காரரையே அளவெடுத்துத் தரச் சொல்லுங்கள், கடைந்து தருகிறேன். வாயருகிலும் வெளிமுனையிலும் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை இரண்டு தண்டுகளுக்கும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக உள்நோக்கி வந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் முரண்பட்டால் அந்தத் துப்பாக்கியை ஏற்காதீர்கள்.

சுடுதள உறுப்பினர்

தண்டு சரியாக இருந்தாலும் தாளில் சுட்டுப் பார்க்காமல் ஒப்புகைச் சீட்டில் கையொப்பம் இடாதீர்கள். உரிமத்தில் புதிய எண் பதிவான பிறகுதான் நீங்கள் சுட முடியும் என்பதால், 35 மீட்டரில் இரு குழல்களின் மையமும் குறிப்புள்ளியிலிருந்து இன்ன அளவுக்குள் இருக்க வேண்டும், இல்லையேல் திரும்பப் பெற வேண்டும் என்பதை மாற்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 10 சென்டிமீட்டர் என்று எழுதுவது இரு தரப்புக்கும் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுடுதளத்துக்குக் கடைக்காரரையும் அழையுங்கள். தாளைத் தம் கண்ணால் பார்த்தவரோடு பிறகு வாதம் வேண்டியிருக்காது.